பத்தாம் வகுப்பு பி பிரிவின் இடது முழங்கால்

ஊசிமடைப்பாளையத்தில் தறிச்சத்தம் நிற்க வேண்டுமென்றால் ஒன்று கரண்ட் போக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது சாக வேண்டும். அந்த வருஷம் மட்டும் மூன்றாவதாக ஒரு காரணம் வந்து சேர்ந்தது. அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்பார்கள், அந்தச் சேதி காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி டீக்கடைக்கு வரும், டீக்கடையிலிருந்து தறிக்குடோனுக்குப் போகும், ஒவ்வொரு குடோனாகத் தறி நிற்கும், கடைசியில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரவர் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்க்கும். வலி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. யார் வீட்டு வலி என்பதுதான் கேள்வி.

அந்த வகுப்புக்கு வகுப்பாசிரியர் மகுடேஸ்வரி டீச்சர், அறிவியல் எடுப்பவர். சந்தேகம் அவருக்கு உடம்போடு பிறந்தது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், கட்டின புருஷன் கோயிலுக்குப் போகிறேன் என்றால் எந்தக் கோயில் என்று கேட்பார், பரீட்சை அறைக்குள் அவர் காலடி வைத்தால் மேஜைக்கடியில் போன துண்டுச்சீட்டெல்லாம் தானாகவே வாய்க்குள் போய்விடும். காப்பியடித்த கூட்டத்தில் யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பக்கத்துப் பள்ளிக்காரர்கள்கூட விடைத்தாள்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். அவர் சொல்கிற சூத்திரம் ரொம்ப எளிது. எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்திருப்பார்கள் அல்லவா, அந்த இடத்தில் பார்த்து எழுதினவன் கை நடுங்கியிருக்கும், ஒரு அடித்தல் இருக்கும், மசி கொஞ்சம் ஊறியிருக்கும். சொந்தக்காரன் மட்டும் அந்தத் தப்பை ஒரு தயக்கமும் இல்லாமல் எழுதியிருப்பான், ஏனென்றால் அவனுக்கு அது பழகின தப்பு.

இப்பேர்ப்பட்டவரைத்தான் கூட்டுக் கற்றல் பயிற்சிக்கு ஈரோட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பெட்டி பெட்டியாகத் தொடுதிரை டேப் வந்தது, ஆளுக்கொன்று. எல்லா டேப்பிலும் இணையத்தில் ஒரே பக்கம் திறக்கும். ஒரு பிள்ளை எழுதினால் மற்ற பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே எழுத்து ஓடும், ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் தொடரலாம், ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் திருத்தலாம், ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கலர். மகுடேஸ்வரி டீச்சர் அதைப் பார்த்துவிட்டு நேராகத் தலைமையாசிரியர் நாச்சிமுத்துவிடம் போனார்.

"ஏனுங்க சார், இதைத்தானுங்களே இத்தன வருசமாக் காப்பின்னு சொல்லிப் புடிச்சுட்டு இருந்தோம்?"

"காப்பி இல்லீங் டீச்சர், கூட்டு முயற்சி."

"ரெண்டுக்கும் என்னங்க சார் வித்தியாசம்?"

நாச்சிமுத்து மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். "இதுக்கு மேல இருந்து சர்க்குலர் வந்துருக்குதுங்."

சர்க்குலர் வந்துவிட்டதே என்று டீச்சர் பக்கத்தைத் திறந்துவிட்டார், ஆனால் தன் பெயரைப் பார்க்க மட்டும் உரிமையுள்ள பெயராகவே போட்டுக்கொண்டார். பிள்ளைகளோடு சேர்ந்து அவர் அதில் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. காவல்காரருக்குக் காட்டில் என்ன வெள்ளாமை என்பது அவர் எண்ணம்.

முதல் பாடம் நரம்பு மண்டலம். கடைசியில் ஒரு கேள்வி கொடுத்திருந்தார், வலி எதற்காக உண்டாகிறது என்று. பிள்ளைகள் ஒரு பீரியட் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுதினார்கள். ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் அழித்து, அழித்ததை இன்னொருத்தர் மீட்டு, முடிவில் நின்ற விடையில் ஒரு சொல்லுக்குள்ளேயே நாலைந்து கலர் இருந்தது, எந்த எழுத்து யாருடையது என்று டீச்சராலேயே பிரிக்க முடியவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் நூல் வியாபாரி சின்னராசுவின் மகன் பிரணவ், வீட்டில் பீரோக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டான். நசுங்கின அளவுக்கு வலிக்கவில்லையே என்று அவன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தில் எழுதின மற்ற பிள்ளைகளெல்லாம், ஒருத்தி காப்பித் தம்ளரோடும் ஒருத்தன் சைக்கிள் மேலும் ஒருத்தன் கக்கூஸிலும், விரலை உதறி "அம்மா" என்றார்கள்.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. ஊர் எதைத்தான் பழகிக்கொள்ளாது? அந்த இணையப் பக்கத்தில் எழுதின பிள்ளைக்குத்தான் வலியில் பங்கு, எழுதாத பிள்ளைக்கு இல்லை என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். பல் டாக்டர் ஊசி போடாமலேயே ஒரு பையனுக்குச் சொத்தைப் பல்லைப் பிடுங்கினார், அவன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்திருந்தான், மற்ற வீடுகளில் பிள்ளைகள் தாடையைப் பிடித்துக்கொண்டு சோற்றைத் தள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு பல் பிடுங்குகிற வீட்டுக்காரர்கள் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளையை பெல்ட்டால் விளாசுகிற ஒரு அப்பன் வீட்டு வாசலுக்கு வரிசையாக அம்மாக்கள் வந்து நின்று, "ஏனுங்கண்ணா, எம்புள்ளைய அடிக்க நீங்க ஆருங்க?" என்று கேட்டதில் அந்தத் தெருவிலேயே பெல்ட் இடுப்போடு நின்றுபோனது. பெயர் தெரிந்த வலியை ஊர் பொறுத்துக்கொண்டது, இன்றைக்கு உன் பிள்ளை, நாளைக்கு என் பிள்ளை என்று கணக்கு நேராகிவிடும் என்ற தைரியம்தான்.

அப்புறம்தான் அந்த முழங்கால் வந்தது. ஐப்பசி மேகம் கட்டத் தொடங்கின ஒரு காலையில் வந்தது, பிறகு வானம் மூடும்போதெல்லாம் வந்து வந்து போனது. பல் மாதிரி பிடுங்கி எறிய முடியாத வலி, விரல் மாதிரி மறுநாள் ஆறாத வலி, எலும்புக்குள் யாரோ மெதுவாகத் திருகுகிற வலி, இடது முழங்காலில் தொடங்கி இடுப்புவரை ஏறி இறங்கியது. பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிற அளவுதான், ஒரு பங்குதானே. ஆனால் எந்த வீட்டிலும் யாரும் விழவில்லை, எந்தப் பிள்ளைக்கும் காலில் காயம் இல்லை, எந்த அம்மாவும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. சொந்தக்காரர் இல்லாத வலி.

சந்தேகம் ஊருக்குள் நூல் பஞ்சுபோலப் பறக்கத் தொடங்கியது, எல்லோர் மூக்கிலும் ஏறியது. மருந்துக்கடையில் யார் என்ன மாத்திரை வாங்குகிறார்கள் என்று வரிசையில் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்தார். பிள்ளைகளை மாடிப்படி ஏறச் சொல்லிவிட்டுக் கீழே நின்று கவனித்தார்கள். பெண் கேட்டு வந்தவர்கள், பெண்ணின் தம்பி எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று விசாரித்துவிட்டு ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பரம்பரை நோவு இருக்கிற வீடு எது, மறைக்கிற வீடு எது என்று டீக்கடையில் பெயர்கள் வந்து விழுந்தன, பேர் விழுந்த வீட்டுக்காரர்கள் அடுத்தவர் பேரைச் சொல்லித் தப்பித்தார்கள். பிள்ளைகளைக் கேட்டால் ஒரே பதில்தான், எல்லா வாயிலும் ஒரே மாதிரி, "தெரியாதுங்க."

அந்த ஒரே மாதிரியான பதில்தான் மகுடேஸ்வரி டீச்சரை உறுத்தியது. தெரியாதவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் உளறுவார்கள். எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் அதற்கு எங்கேயோ ஒரு மூலம் இருக்கிறது என்று அர்த்தம். இவர்களுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே சேர்ந்து மறைக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். இந்தப் பிள்ளைகள் தன் முதுகுக்குப் பின்னால் ஒன்றாகிவிட்டார்கள் என்ற நினைப்பு அவருக்குக் கோபமாக வந்தது. கோபத்துக்கு அடியில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

வானம் மூடிக்கிடந்த ஒரு நாள் அவர் காத்திருந்தார். பாடம் நடத்துவதுபோல் நடத்திக்கொண்டே காத்திருந்தார். வலி வந்தது. வகுப்பு மொத்தமும் நெளிந்தது, பேனாக்கள் நின்றன, கைகள் முழங்காலுக்குப் போயின, கண்கள் சுருங்கின. அத்தனை முகங்களையும் அவர் விடைத்தாள் புரட்டுவதுபோல ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒரு முகம் மட்டும் சுளிக்கவே இல்லை. தர்ஷிகா. அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஏதோ இதமான காற்று வந்து பட்டதுபோல உதட்டோரத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. மற்றவர்களுக்கு அது புதுசாக வந்த வலி. அவளுக்கு அது பழகின வலியில் மிச்சம் மீந்த ஒரு துணுக்கு.

டீச்சர் நிமிர்ந்தார். வகுப்பில் ஒருவரும் இப்போது முழங்காலைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தர்ஷிகாவை வரச்சொன்னார். அவளுடைய அப்பா அடுத்தவர் குடோனில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர், அம்மா அங்கேயே நூல் சுற்றுகிறவள். போன வருஷம் பாதி நாளும், இந்த வருஷம் சில வாரம் முன்புவரையும் அவள் பள்ளிக்கூடம் வந்ததில்லை. பெரியம்மா ஊரில் இருக்கிறாள் என்று அம்மா சொல்லுவாள்.

"எத்தன நாளா அம்மிணி?"

"என்னதுங்க டீச்சர்?"

"எங்கிட்ட நடிக்காத."

தர்ஷிகா டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடினாள். "எட்டாவதுலருந்துங்க. பெரியம்மா ஊருக்கெல்லாம் நான் போனதே இல்லீங். ஊட்டுலதான் படுத்துக் கெடந்தேன். கோயமுத்தூர் ஆசுபத்திரில காட்டறோம். மாத்தர கேக்கறதுக்கு மாசக்கணக்காகும்னு டாக்டரு சொல்லீருக்காருங்க. வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஆரு கட்டிக்குவான்னு அம்மாதான் பயந்துக்கறாங்க."

"நீ படுத்துக் கெடந்தப்பவே வகுப்புல வலி ஆரம்பிச்சிருச்சே. அப்ப நீ அந்தப் பக்கத்துல எழுதவே இல்லையே?"

"எழுதுனனுங்க." அவள் குரல் இறங்கியது. "பிரணவ் வெரல் நசுங்குனப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க, பிரிச்சுக்கலாம்னு. எல்லாருமாப் பேசிட்டு, பிரணவ்தான் டேப எடுத்துட்டு ஊட்டுக்கு வந்தான். ஒண்ணும் வேண்டாம், உம்பேர மட்டும் எழுது போதும்னான். எழுதுனேன். ஆனா ஒடனே பள்ளிக்கூடத்துக்கு வந்துராத, டீச்சரு கண்டுபுடிச்சுருவாங்க, கொஞ்ச நாள் கழிச்சு வான்னாங்க."

இத்தனை வருஷத்தில் இவ்வளவு திட்டமிட்டுக் காப்பியடித்த ஒரு கூட்டத்தை மகுடேஸ்வரி டீச்சர் பார்த்ததில்லை. சந்தேகப்பட்டது சரிதான், அவர்கள் சேர்ந்து மறைத்ததும் சரிதான், என்ன மறைத்தார்கள் என்பதை மட்டும்தான் அவர் தப்பாக நினைத்திருந்தார்.

"முழுசா வந்தா எப்படி இருக்கும்?"

தர்ஷிகா காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் கையைக் காட்டினாள். "அப்பத் தறிச்சத்தமே கேக்காதுங்க டீச்சர்."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றோர் கூட்டம். வராத வீடு இல்லை. வராவிட்டால் அந்த வீடுதான் என்றாகிவிடும் அல்லவா. பிள்ளைகளைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். முன் வரிசையிலிருந்து சின்னராசு எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை, ஒரே மகன் வைத்திருக்கிறவர்.

"என்ற பையன் பரீச்ச எழுதோணும். பரீச்ச நடுவுல காலப் புடிச்சுட்டு உக்காந்தான்னா ஆருங்க பதில் சொல்றது? எவனூட்டு நோவையோ அவன் எதுக்குங்க சொமக்கோணும்? அவனவன் நோவு அவனவனுக்கு. ஆருதுன்னு சொல்லுங்க, அந்தப் புள்ளைய அதுலருந்து எடுத்துருங்க. ஆகலீன்னா அந்தப் பக்கத்தையே மூடிருங்க."

"டீச்சருக்குத் தெரியாம இருக்காதுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அவிய கண்ணுக்குத் தப்புமா?"

ஊர் மொத்தமும் மகுடேஸ்வரி டீச்சரைப் பார்த்தது. சின்னராசு சொன்னதில் என்ன தப்பு என்று அவருக்கே தெரியவில்லை. ஆயுசு முழுக்க அவரும் அதைத்தானே சொல்லிவந்தார், அவரவர் தாளை அவரவர் எழுதுங்கள், ஒரு கை தள்ளி உட்காருங்கள் என்று. கண்டுபிடித்த பெயரை எழுந்து நின்று சொல்வது அவருக்குப் பழக்கமான வேலை, சொல்லத்தான் எழுந்தார். எழுந்தபோது கடைசி வரிசையில் தர்ஷிகாவின் அம்மா கண்ணில் பட்டாள். வேலையிலிருந்து அப்படியே வந்தவள், தலைமுடியெல்லாம் பஞ்சு, புடவைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். முழு வலி திரும்பப் போனால் போய் இறங்கப்போகிற இடம் எது என்று அந்த வாய்க்குத் தெரிந்திருந்தது.

"அது என்ற நோவுதானுங்க," என்றார்.

நாச்சிமுத்து நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எனக்குத்தான் முழங்கால் தேஞ்சுபோச்சுங்க. சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. தப்புத்தான்."

பேச்சு கிளம்பி அடங்கியது. சின்னராசு கண்ணைச் சுருக்கினார். "அதுல எழுதுனவங்களுக்குத்தான் பங்குன்னு சொல்றாங்களுங்க டீச்சர். நீங்க அதுல ஒரு எழுத்துக்கூட எழுதுனதில்லீன்னு எம்பையனே ஒருக்காச் சொன்னானே?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் பொய்தான் வரும், இரண்டாவது வராது. அப்போது சுவரோரத்தில் பிரணவ் ஒரு அடி முன்னால் வந்தான்.

"எழுதுவாங்கப்பா. அன்னிக்கு நான் கவனிக்காமச் சொல்லிட்டேன். அவங்களுது செகப்புக் கலரு."

"ஆமாங்க, செகப்பு," என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு பெண்.

"தப்பெல்லாம் திருத்துவாங்க," என்றான் இன்னொருவன்.

"நடுராத்திரிகூட வந்து திருத்துவாங்க," என்று ஒரு பையன் கூடுதலாகவே சேர்த்தான். யாரோ அவனை இடித்தார்கள்.

ஊர் அரைமனதாக நம்பியது. டீச்சரின் பெயரைப் பக்கத்திலிருந்து எல்லோர் எதிரிலும் எடுத்துவிடுவது என்றும், அதற்குப் பிறகும் ஒரே ஒரு பிள்ளை முழங்காலில் கை வைத்தாலும் பக்கத்தை மூடி, டேப்புகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது என்றும், நம்பிக்கையில்லாதவர்கள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்றும் தீர்மானமானது. பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தார்கள். பக்கம் இனிமேல் தலைமையாசிரியர் பொறுப்பு என்றானதால் நாச்சிமுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்த இடத்தில் அழுத்துவது என்று பிரணவிடமே கேட்டு, கடவுச்சொல்லையும் அவனையே போடச் சொல்லி, மகுடேஸ்வரி என்ற பெயரை அழித்தார். பார்க்கும் உரிமையும் போயிற்று.

அடுத்த மேகத்துக்காக ஊர் காத்திருந்தது. அது வர ஒரு வாரம் ஆனது. காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்த அன்று தறிகள் தாமாகவே நின்றன, குடைகள் ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தன, பி பிரிவின் ஜன்னல்களில் முகம் முகமாக வந்து நிறைந்தது. சின்னராசு முதல் ஜன்னலில் நின்றார். அவருக்குப் பின்னால் தள்ளி, எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தர்ஷிகாவின் அம்மா நனைந்துகொண்டிருந்தாள். ஊரில் அப்படியொரு அமைதி, ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தனித்தனியாகக் கேட்டது.

மகுடேஸ்வரி டீச்சர் கரும்பலகையில் இதயம் வரைந்துகொண்டிருந்தார். கை வரைந்தாலும் காது முதுகில் இருந்தது. இத்தனை நாள் இந்தப் பிள்ளைகள் ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார். இப்போதுதான் முதல்முறையாக, செய்யாமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்தார். பிள்ளைகள்தானே. எத்தனை நேரம் தாங்குவார்கள், முழங்காலுக்கு ஒரே ஒரு கை போனால் போதாதா?

பாதி இதயம் வரைந்திருந்தபோது அவருடைய இடது முழங்காலுக்குள் யாரோ மெதுவாகத் திருகினார்கள்.

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. திருகல் இடுப்புவரை ஏறியது. தனக்கு இது எப்படி என்று ஒரு நொடிதான் திகைத்தார். அழித்த பெயரைத் திரும்பவும் போட்டிருக்கிறார்கள், கடவுச்சொல்தான் பிரணவுக்குத் தெரியுமே. பார்க்கும் பெயராக அல்ல, எழுதும் பெயராக. அவரைக் கேட்கவில்லை, தலைமையாசிரியரைக் கேட்கவில்லை, தாங்களாகவே அவர் பெயரால் ஒரு வரி எழுதி அவரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வலித்தது. இது பங்கு என்றால் முழுசு எவ்வளவு என்று நினைத்தபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைப் பலகைக்கு மட்டும் காட்டினார்.

பிறகு மீதி இதயத்தையும் கோடு நடுங்காமல் வரைந்து முடித்துவிட்டுத் திரும்பினார். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் தர்ஷிகா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், உதட்டோரத்தில் அந்தச் சிறிய சிரிப்பு. அவளுக்கு முன்னாலும் பின்னாலும், பிரணவ் முதல் கடைசி பெஞ்சுவரை, ஒவ்வொரு பிள்ளையும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு உதட்டோரத்திலும் அதே சிரிப்பு. ஒரு கைகூட மேஜைக்குக் கீழே போகவில்லை. ஒருவருக்காவது ஒரு தயக்கம், ஒரு அடித்தல், ஒரு நடுக்கம் இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் முகம் முகமாகத் தேடினார். எது மூலம், எது நகல் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

ஜன்னலில் சின்னராசு தன் மகனின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்.

மகுடேஸ்வரி டீச்சர் தர்ஷிகாவை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பார்த்து, அவளுடைய முகத்தைத் தன் முகத்திலும் அப்படியே எழுதிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, "பாடம் நடக்குதுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார்.

குடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு தறி ஓடத் தொடங்கியது.